சின்ன நாடு என்ற சாக்கு

கிண்ணியாவில் எண்ணெய் விலை பற்றிப் பேச்சு எழுந்தால், அது எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஹெட்ஜிங் என்கிற விலைக் காப்பு ஒப்பந்தக் கதையில் வந்து நிற்கும். "பெரிய பெரிய வங்கிக்காரனெல்லாம் சேர்ந்து நம்மட நாட்ட ஏமாத்திப் போட்டானுகள் காக்கா. சின்ன நாடு, என்ன செய்யலாம்?" கேட்டுக்கொண்டிருப்பவர் தலையாட்டுவார், பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். தேநீர்க் கடையில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். தேர்தல் மேடையிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் பொருளாதாரம் படித்தவர்களின் கருத்தரங்கிலும் இதே கதைதான், கொஞ்சம் திருத்தமான தமிழில். பன்னாட்டு வங்கி பலசாலி, இலங்கை அப்பாவி, இருவருக்கும் நடுவில் ஒரு காகிதம்.

இந்தக் கதை பிழையானது. பிழை என்பதற்கு மேலாக, அந்தக் காகிதத்தை வேண்டிக் கேட்டவர்களுக்கும் அதற்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும் மிக வசதியானது. அதனால்தான் இத்தனை வருடமாகியும் உயிரோடிருக்கிறது.

நடந்ததை இளையவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2007இலும் 2008இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. விலையேற்றத்திலிருந்து தப்பிக்க என்று சொல்லி, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஐந்து வங்கிகளோடு ஹெட்ஜிங் ஒப்பந்தங்கள் செய்தது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி பாங்க், டொய்ச்ச பாங்க் என்று மூன்று வெளிநாட்டு வங்கிகள். கொமர்ஷல் வங்கி, மக்கள் வங்கி என்று இரண்டு உள்நாட்டு வங்கிகள். 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அந்த வருடம் முடிவதற்குள் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. விழுந்ததும் வங்கிகள் கூட்டுத்தாபனத்திடம் பணம் கேட்டன. உயர் நீதிமன்றம் தலையிட்டது, மத்திய வங்கி கொடுப்பனவை நிறுத்தச் சொன்னது, வழக்குகள் கடல் கடந்தன.

இனி ஒப்பந்தத்துக்குள் போவோம். கதை சொல்பவர்கள் யாரும் அங்கே போவதில்லை.

விலையேற்றத்துக்கு எதிராகக் காப்புத் தேடுவதற்கு நேர்மையான ஒரு வழி உண்டு. ஒரு கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். விலை குறித்த எல்லையைத் தாண்டினால் மேலதிகத்தை வங்கி தரும். விலை விழுந்தால் கட்டிய கட்டணம் போச்சு, அவ்வளவுதான். மலிந்த விலையில் எண்ணெய் வாங்கலாம். கொழும்பு தேர்ந்தெடுத்தது இதை அல்ல. அது கேட்டது செலவில்லாத காப்பு. கட்டணம் கட்டாமல் காப்பு வேண்டுமென்றால், கட்டணத்துக்குப் பதிலாக வேறெதையாவது கொடுத்தாக வேண்டும். கொடுத்தது என்னவென்றால், விலை விழும்போது கிடைக்கக்கூடிய இலாபம். விலை எல்லைக்குக் கீழே போனால், அந்த வித்தியாசத்தைக் கூட்டுத்தாபனம் வங்கிக்குக் கட்ட வேண்டும். நெல் கதிர் விடும் முன்பே உரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அறுவடை விலையை ஆலைக்காரருக்கு எழுதிக் கொடுக்கிற விவசாயி நம் பக்கத்தில் எத்தனையோ பேர். அவருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதிலும் ஒரு சமன் இருந்திருந்தால் பரவாயில்லை. 2008இன் ஒப்பந்தங்களில் மேல்பக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. வங்கி சில மில்லியன் டாலரைக் கொடுத்து முடித்ததும் அதன் கடமை தீர்ந்தது, ஒப்பந்தமே முடிந்துவிடும். கீழ்ப்பக்கத்துக்கு அப்படியொரு தரை இல்லை. டொய்ச்ச பாங்கோடு 2008 ஜூலை 8ஆந் திகதி செய்த ஒப்பந்தத்தின் எல்லை விலை பீப்பாய்க்கு 112.50 டாலர். ஒரு கணக்குப் பார்ப்போம்: மாதம் ஓர் இலட்சம் பீப்பாய், சந்தை விலை 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், கூட்டுத்தாபனம் ஒவ்வொரு மாதமும் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். அப்படியொரு வருடம். விலை ஏறிக்கொண்டே போயிருந்தாலோ, முதல் சில வாரங்களிலேயே வங்கி கணக்கை முடித்துக்கொண்டு போயிருக்கும். அதாவது, எந்த ஆபத்துக்குப் பயந்து இந்தக் காப்பைத் தேடினார்களோ, அந்த ஆபத்து உண்மையிலேயே வந்திருந்தாலும் இது காப்பாற்றியிருக்காது.

"பாருங்கள், இதுதானே ஏமாற்று?" என்பீர்கள். பொறுங்கள்.

இந்த யோசனை எந்த வங்கிக்காரரின் பையிலிருந்தும் இரகசியமாக இறங்கவில்லை. 2006இல் இலங்கை மத்திய வங்கியே அமைச்சரவைக்கு ஹெட்ஜிங்கை எடுத்து விளக்கியது. ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது; செலவில்லாத அந்த வகையைத்தான் அது சிபாரிசு செய்தது. 2007 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வங்கிகள் தங்கள் சரக்கை விற்க அலைந்தன என்பது உண்மைதான். விற்பது அவர்கள் தொழில். ஆனால் 'கட்டணம் கட்ட மாட்டோம், காப்பு மட்டும் வேண்டும்' என்பது வாங்குபவரின் நிபந்தனை. அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருந்தது அறியாமை என்று எனக்குத் தோன்றவில்லை. அரசியல் கணக்குத்தான் தெரிகிறது. கட்டணம் என்றால் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி போட வேண்டும், பாராளுமன்றத்தில் கேள்வி வரும், யுத்தச் செலவு உச்சத்தில் இருந்த காலத்தில் 'எண்ணெய் வாங்குவதற்கு முதலே இவ்வளவு காசா?' என்று எதிர்க்கட்சி கேட்கும். விலை விழுந்தால் கிடைக்கப்போகும் ஆதாயத்தை விற்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் வராத காசு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

அது யாருடைய காசு? கூட்டுத்தாபனத்துடையது என்பார்கள். அப்படியில்லை. உலக விலை விழும்போது உள்ளூர் விலையும் இறங்க வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தவர்களின் காசு அது. ஓட்டோக்காரர், பஸ்காரர், வயலுக்கு நீர் இறைப்பவர், எங்கள் கரையில் ஃபைபர் போட்டை இழுத்துக் கடலில் தள்ளுகிறவர். கிண்ணியாவில் கடற்தொழில் செய்யும் வீடுகளுக்கு மண்ணெண்ணெய் என்பது விளக்குக்கு ஊற்றும் சாமான் இல்லை. வெளியிணைப்பு என்ஜினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஒரு கேன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை வைத்துத்தான் எவ்வளவு தூரம் போவது என்று முடிவு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது, கரையில் எத்தனை போட்டுகள் கவிழ்த்துப் போட்டபடி கிடந்தன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏற்றம் அவர்களை அப்படி முழுதாக வந்தடைகிறது. 2008இல் வந்த இறக்கமோ அவர்களைக் கேட்காமலே விற்கப்பட்டிருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் கட்டளைகளைப் படித்தால் அவை வேறு மாதிரித் தெரியும். 2008 நவம்பர் 28இல், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் வங்கிகளுக்கான கொடுப்பனவை நிறுத்தி, கூட்டுத்தாபனத் தலைவரையும் இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. டிசம்பரில் பெற்றோலை லீற்றர் 100 ரூபாவுக்கு விற்கச் சொன்னது. அரசாங்கம் விற்கவில்லை. 2009 ஜனவரி கடைசியில் நீதிமன்றம் தன் இடைக்காலக் கட்டளைகளை விலக்கிக்கொண்டது. நீதித்துறைக்கும் நிறைவேற்று அதிகாரத்துக்கும் நடந்த மல்லுக்கட்டு என்றுதான் அன்று எல்லோரும் எழுதினார்கள். அந்த இரண்டு கட்டளைகளும் ஒரே பணத்தைப் பற்றியவை என்று எழுதியவர்கள் குறைவு. எண்ணெய் மலிந்ததால் மிச்சமான ஒரு டாலரை வங்கிக்கும் கட்டிவிட்டு, 100 ரூபாப் பெற்றோலாக மக்களுக்கும் கொடுக்க முடியாது. ஏற்கெனவே ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை, எழுதிக் கொடுத்த செய்தியே தெரியாத மற்றவர் கேட்டார். நீதிமன்றம் மற்றவரின் பக்கம் நின்றது. அரசாங்கம் இரண்டு பேருக்கும் கொடுக்காமல் நின்றது. வங்கிக்குப் பிறகு கொடுக்க வேண்டி வந்தது, மக்களுக்கு அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது.

'வெளிநாட்டு வங்கி' என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து வங்கிகளில் ஒன்று மக்கள் வங்கி என்றேன். அது அரசின் வங்கி. கூட்டுத்தாபனமும் அரசினுடையதே. இரண்டும் பிறந்த கதையும் ஒன்றோடொன்று ஒட்டியது: 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை உண்டாக்கியது, அதே ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் மக்கள் வங்கியை. எண்ணெயையும் கடனையும் வெளிநாட்டுக் கம்பனிகளின் பிடியிலிருந்து எடுக்க வேண்டும் என்று பிரதமர் சிறிமாவின் அரசாங்கம் அடுத்தடுத்துப் பெற்ற இரட்டைப் பிள்ளைகள். 2008இல் அந்த இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்று விற்க மற்றது வாங்கியிருக்கிறது. இதில் யார் பெரிய வங்கி, யார் சின்ன நாடு?

அந்த 1960களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் மூன்றும் உலக எண்ணெய் வியாபாரத்தில் கோலோச்சிய காலத்தில், இலங்கை அவர்களுடைய நிரப்பு நிலையங்களையும் குதங்களையும் 1962இல் சுவீகரித்தது. நட்டஈட்டுப் பிணக்கில் அமெரிக்கா 1963 பெப்ரவரியில் உதவியை நிறுத்தியது. நாடு பயந்து திருப்பிக் கொடுத்துவிடவில்லை. 1965இல் அடுத்து வந்த பிரதமர் டட்லியின் அரசாங்கம் பேசி நட்டஈடு கொடுத்தது, ஆனால் வியாபாரம் கூட்டுத்தாபனத்திடமே இருந்தது. அந்த முடிவு சரியா பிழையா என்று வாதிட இது இடமல்ல. அன்று நாட்டின் பரப்பளவு இன்றுள்ளதே, சனத்தொகையோ இன்றைக்குப் பாதி. சின்ன நாடாக இருப்பது கையைக் கட்டிவிடும் என்றால் அன்றுதான் கட்டியிருக்க வேண்டும்.

வழக்குகளுக்கு வருகிறேன். 'ஏமாற்றப்பட்டோம்' என்ற கதை நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே நல்ல சாட்சி இருக்கிறது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கூட்டுத்தாபனம் சொன்ன பதில்களில் முக்கியமானவை இவை: இப்படியான ஒப்பந்தம் செய்ய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்களுக்கு அதிகாரமே இல்லை, கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அதிகாரம் இல்லை, வங்கி எங்களுக்குச் சரியான ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும். 2011 ஜூலையில் நீதிபதி ஹாம்ப்ளன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஏறத்தாழ 162 மில்லியன் டாலரும் வட்டியும் கட்டச் சொன்னார். அடுத்த வருடம் மேன்முறையீடும் தோற்றது. கடைசியில் 2013இல் 60 மில்லியன் டாலருக்குப் பேசித் தீர்த்தார்கள். டொய்ச்ச பாங்க் ஜேர்மனிக்கும் இலங்கைக்கும் இடையிலான முதலீட்டு உடன்படிக்கையைப் பிடித்துக்கொண்டு உலக வங்கிக் குழுமத்தின் நடுத்தீர்ப்பு மன்றத்துக்குப் போனது. 2012 ஒக்டோபர் 31இல் மூன்று நடுவர்களில் இருவர் வங்கிக்குச் சார்பாக 60 மில்லியன் டாலருக்கு மேல் தீர்ப்பளித்தார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த மக்தூம் அலி கான் மட்டும் மாறுபட்டார். அங்கே இலங்கைக்கு எதிராக நின்ற விடயங்களில் ஒன்று மத்திய வங்கியின் நிறுத்தக் கட்டளை. 2006இல் ஹெட்ஜிங்கை அறிமுகப்படுத்திய அதே நிறுவனம் 2008 டிசம்பரில் அதன் கொடுப்பனவைத் தடுத்திருக்கிறது. நடுவர்களுக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

'பார்த்தீர்களா, லண்டன் நீதிமன்றம் வங்கியின் நீதிமன்றம்' என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வென்ற அதே 2011இல், லண்டன் நடுத்தீர்ப்பு மன்றம் ஒன்றில் சிட்டி பாங்க் இதே கூட்டுத்தாபனத்திடம் தோற்றுப்போனது. ஒரே கடனாளி, ஒரே காலம், ஒரே ஜாதி ஒப்பந்தம், எதிரெதிரான முடிவு. இன்னும் இருபது வருடம் பின்னால் போனால், 1991 ஜனவரியில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை, லண்டனின் ஹாமர்ஸ்மித் அன்ட் ஃபுல்ஹம் நகர சபை செய்திருந்த வட்டி விகித ஒப்பந்தங்கள் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. உள்ளூராட்சி மன்றத்துக்கு அப்படிச் செய்யும் அதிகாரம் சட்டத்தில் இல்லை என்பதே காரணம். நாடு முழுக்க இருந்த உள்ளூராட்சி மன்றங்களின் அத்தகைய ஒப்பந்தங்களும் அதோடு கலைந்தன. கோடிக்கணக்கான பவுணை இழந்தது வங்கிகள்தான். 'அதிகாரமில்லை' என்ற வாதம் ஒரு நகர சபையைக் காப்பாற்றியது, நம் கூட்டுத்தாபனத்தைக் காப்பாற்றவில்லை. வித்தியாசம் சட்ட வாசகத்தில் இருந்தது. உருவத்தின் பெருமை சிறுமை அங்கே பேசப்படவில்லை.

அந்த வாதம் லண்டனில் வென்றிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா என்றால், அரைச் சந்தோஷம்தான். 'நாங்கள் போட்ட கையெழுத்துக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று ஓர் அரச கூட்டுத்தாபனம் வெளிநாட்டில் சத்தியம் செய்து சொல்கிறது. உள்நாட்டில் அதே நிறுவனம் வெளியிட்ட விலைப்பட்டியலுக்கு நாம் கேள்வி இல்லாமல் காசு கட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த விடயம் நம்மைப் போன்றவர்களின் தனிச்சொத்தும் அல்ல. அதே 2008இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் கோயம்புத்தூர்க் கம்பனிகளும் நாணய மாற்று விகிதத்தின் மேல் இப்படியான ஒப்பந்தங்களில் மாட்டிக்கொண்டு வங்கிகளோடு மல்லுக்கு நின்றார்கள். ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போனபோது, இது சூதாட்டம், செல்லாது என்ற வாதத்தை நீதிபதி இராமசுப்பிரமணியன் ஏற்கவில்லை. அங்கே பன்னாட்டு வங்கியும் இல்லை, சின்ன நாடும் இல்லை.

சிலர் வேறொரு சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். கூட்டுத்தாபனத் தலைவராக அன்று இருந்த அசந்த டி மெல் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர். 'கிரிக்கெட்காரரை எண்ணெய்க்குப் பொறுப்பாகப் போட்டால் இப்படித்தான்' என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இதுவும் அதே கதைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறார். ஒருவர் முன்பு என்ன செய்தார் என்பதை வைத்து ஓர் அமைச்சரவைத் தீர்மானத்தையும் ஒரு மத்திய வங்கியையும் மறைத்துவிடுகிறார்கள். நிபுணர்கள் இல்லாமல் நடந்த காரியம் இல்லை இது. நிபுணர் குழுவே சிபாரிசு செய்தது.

சின்ன நாட்டுக்கு வேறு வழி இருந்ததா என்பதே உண்மையான கேள்வி. இருந்தது. மெக்சிகோ எண்ணெய் விற்கிற நாடு, விலை விழுவதற்குத்தான் பயம். 2008இல் அது ஏறத்தாழ 1.5 பில்லியன் டாலர் கட்டணத்தை முன்கூட்டியே கட்டி, 2009க்கு பீப்பாய் 70 டாலர் என்ற தரையை வாங்கியது. விலை விழுந்தது; வங்கிகள் மெக்சிகோவுக்கு ஐந்து பில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தன. வங்கிகள் அதே உலகத்து வங்கிகள், வருடமும் அதே வருடம். மெக்சிகோ பெரிய நாடு என்று தட்டிக்கழிப்பவர்கள் உருகுவேயைப் பார்க்கலாம். சனத்தொகை 35 இலட்சத்தை எட்டாது, நம்மில் ஆறில் ஒரு பங்கு. நம்மைப் போலவே எண்ணெய் இறக்குமதி செய்கிற நாடு. 2016இல் உலக வங்கியின் வழியாக, தன் வருடத் தேவையில் பாதியளவுக்கு 55 டாலர் என்ற உச்சவரம்பைக் கட்டணம் கட்டி வாங்கியது. அந்த ஏற்பாட்டை ஊரறியச் சொன்னது. விலை விழுந்திருந்தால் உருகுவே இழந்திருக்கக்கூடியது கட்டிய கட்டணம் மட்டுமே. உருகுவே வாங்கிய பொருளும் நாம் வாங்கிய பொருளும் ஒரே அலுமாரியில் இருந்தவை.

கடன் பத்திரக் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 2007இல் இலங்கை முதன்முறையாக 500 மில்லியன் டாலருக்குச் சர்வதேசப் பிணைமுறிகளை விற்றபோது ஏற்பாடு செய்தவை எச்எஸ்பிசி, ஜேபி மோர்கன், பார்க்ளேஸ். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரணில் விக்கிரமசிங்க, பாராளுமன்றத்தைக் கேட்காமல் வாங்கும் இந்தக் கடனை நாங்கள் வந்தால் ஏற்க மாட்டோம் என்றார். பிறகு அவர் பிரதமராக இருந்த காலத்திலும் அதே வகைப் பத்திரங்கள் விற்கப்பட்டன. 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த பின், ஜனாதிபதியாகி அந்தப் பத்திரக்காரர்களோடு மேசையில் உட்கார்ந்ததும் அவர்தான். எந்தக் கட்டத்திலும் நாடு சின்னதாக இருந்ததால் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று இருந்ததால் வாங்கியது.

அந்தப் பத்திரங்களில் ஒன்றுக்காக 2022 ஜூனில் நியூயோர்க்கில் இலங்கை மேல் வழக்குப் போட்டது ஹமில்டன் ரிசேர்வ் வங்கி. ஒரு பில்லியன் டாலர் வெளியீட்டில் 250 மில்லியன் டாலருக்கு மேல் அதன் கையில் இருந்தது. இந்த வங்கியின் தாயகம் செயின்ட் கிற்ஸ் நெவிஸ் என்ற கரிபியன் தீவு நாடு. அந்த முழு நாட்டின் சனத்தொகை எங்கள் கிண்ணியாப் பிரதேச செயலகப் பிரிவின் சனத்தொகையை விடக் குறைவு. 'பெரியவன் சின்னவனை நசுக்குகிறான்' என்ற கதையை வைத்திருப்பவர்கள் இந்த வழக்கை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வங்கிகளுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எழுத வேண்டாம். மேல்பக்கத்துக்கு வரம்பும் கீழ்ப்பக்கத்துக்குத் திறப்பும் வைத்த ஒரு காகிதத்துக்கு 'காப்பு' என்று பெயர் வைத்து விற்றவர்களுக்கு அதன் கணிதம் நன்றாகத் தெரியும். விற்ற கையோடு வேறு சந்தையில் அதற்கு எதிர் ஒப்பந்தம் போட்டுத் தங்களைப் பாதுகாத்துக்கொள்வதும், இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொள்வதும் இந்தத் தொழிலின் வழக்கம். 'ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்' என்று அவர்கள் சொல்லும்போது, எந்தத் தரப்பு எதைத் தெரிந்துகொண்டு கையெழுத்திட்டது என்ற கேள்வியையும் சேர்த்தே மடித்து வைக்கிறார்கள். ஆனால் ஏமாற்று என்று குற்றம் சாட்டியவுடன் வழக்கு வங்கியின் சொந்த மைதானத்துக்குப் போய்விடுகிறது. பொய் சொன்னார்களா, மறைத்தார்களா, ஆலோசகராக நடந்தார்களா என்று நீதிபதி கேட்பார், இல்லை என்பார், வங்கி வெளியே வந்து சுத்தமானவர் என்று சான்றிதழ் காட்டும். நம் கேள்வி வேறு. மக்களுக்குச் சேர வேண்டிய விலைக் குறைவை, மக்களிடம் சொல்லாமல் விற்கலாம் என்று முடிவெடுத்தது யார்? அதை வாங்கியவருக்கு, விற்பவரின் சொந்தச் சொத்தல்ல இது என்று தெரிந்திருந்ததா? இந்தக் கேள்வியை லண்டனில் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். அது கொழும்பில் கேட்க வேண்டிய கேள்வி.

இத்தனையும் எனக்கு இன்று ஏன் முக்கியம் என்றால், கிண்ணியாப் பாலத்தைக் கடந்து ஏ-15 வீதியால் திருகோணமலைக்குப் போகிற பஸ் சீனன்குடாவைத் தாண்டித்தான் போகிறது. அங்கே காட்டுக்குள் இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. 2003இல் அவை இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளையோடு பிணைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் மறுபடி பிரித்தார்கள்: 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, 61 குதங்கள் இருவரும் சேர்ந்த ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல் என்ற கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன.

குதங்களைத் திருத்தக் காசு வேண்டும், குழாய் போடக் காசு வேண்டும், நிரப்பி வைக்க எண்ணெய் வேண்டும். அந்தக் காசு ஏதோவொரு வங்கியிலிருந்துதான் வரும். வரட்டும். அந்நிய வங்கி என்ற பெயரைக் கேட்டதும் கொடி பிடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. கடன் பத்திரத்தில், விலை விழுந்தால் குதங்களுக்குள் கிடக்கும் எண்ணெயின் நட்டத்தை யார் ஏற்பது என்று ஒரு பந்தி இருக்கும். யாருடைய பக்கத்துக்கு வரம்பு, யாருடைய பக்கத்துக்கு இல்லை என்று ஒரு பந்தி இருக்கும். பிணக்கு வந்தால் எந்த நாட்டில் வழக்கு என்று இன்னொரு பந்தி. 51 வீதப் பங்கு நம்முடையது என்று பெருமையாகச் சொல்கிற அமைச்சர்கள், அந்த மூன்று பந்திகளையும் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டட்டும்.

காட்ட மாட்டார்கள், வர்த்தக இரகசியம் என்பார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படி மறுப்பதற்கு இடம் வைத்திருக்கிறது. பொதுநலன் அதைவிடப் பெரிதானால் மறுக்க முடியாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் மீனவர் சங்கங்கள் இருக்கின்றன, சட்டம் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தகவல் அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுத அது போதும்.